திரையும் தலைமுறையும்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே பலர் நினைவில் எழும். ஆயினும், ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள் மாலை வேளையில் எங்கே கூடினார்கள், எதைக் கண்டார்கள், யாருடைய குரலைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பனவும் வரலாறேயாம். ஒரு தலைமுறையின் மொழியும் ஆசையும் அச்சமும் அந்த மாலை வேளைகளில்தான் உருவாகின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளின் மாலை வேளையைச் சென்ற நூறு ஆண்டுகளில் பெரிதும் ஆட்கொண்டது திரை. அது திடலில் கட்டிய வெள்ளைத் துணியாக வந்தது. பின்னர் வீட்டுக்குள் பெட்டியாக நுழைந்தது. இன்று உள்ளங்கையில் அடங்கியிருக்கிறது. இம்மாற்றத்தை ஆண்டு வரிசையில் நோக்கினால், தமிழாசிரியர்கள் கவனிக்கத்தக்க உண்மை ஒன்று புலப்படும்.

முதல் வெண்துணி

திரைப்படம் பிறப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே இம்மண்ணில் திரை இருந்தது. கிளந்தான் மாநிலத்தில் வழங்கிவரும் வயாங் கூலிட் என்னும் நிழற்கூத்து அதற்குச் சான்று. தமிழகத்துத் தோற்பாவைக் கூத்துக்கு உறவு போன்றது இது. விளக்கொளியில் நிற்கும் வெண்துணிக்குப் பின்னால் தாலாங் எனப்படும் கூத்தாசிரியர் ஒருவர் அமர்வார். தோலால் செய்த உருவங்களை ஆட்டுபவரும் அவரே. அரசனாகவும் அரக்கனாகவும் கோமாளியாகவும் குரல் மாற்றிப் பேசுபவரும் அவரே. இராமாயணக் கதை மலாய் மொழியில் மலாய் மக்களின் வழக்கங்களோடு கலந்து அங்கே நிகழும். எதிரே அமர்ந்திருப்போர் சிரித்தால் சிரிப்பை நீட்டுவார். சோர்ந்தால் கதையை விரைவுபடுத்துவார். திரைக்குப் பின்னால் இருந்தவர் கூட்டத்தின் நாடி அறிந்த ஓர் ஆள் என்பதை இங்கே மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்று ஓடும் படத்தைக் காட்டினர். 1897-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர் மக்கள் ஓடும் படத்தைக் கண்டுவிட்டனர். தமிழ் பேசிய முதல் படமான காளிதாஸ் 1931-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்பின் கப்பலேறி வந்த தமிழ்ப் படங்கள் கோலாலம்பூர், பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர் ஆகிய நகரங்களின் கொட்டகைகளில் ஓடின. ஆனால் அக்காலத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நகரத்தில் இல்லை. பால்மரக் காடுகளில் இருந்தனர். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கவேண்டும் என்று விதித்தது. பல தோட்டங்களில் அப்பள்ளி ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாகவே இருந்தது. புத்தகம் அரிது, செய்தித்தாள் ஒன்று வந்தால், எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, லயத்து வாசலில் இருந்து பத்துப் பேர் கேட்பர். தெருக்கூத்து, காமன் கூத்து, திருவிழா நாடகம் ஆகியவையே பிள்ளைகளின் கண்ணுக்கு விருந்து. அந்தத் தலைமுறை பெரும்பாலும் காதால் வளர்ந்த தலைமுறை எனலாம்.

சப்பானியர் ஆட்சிக் காலத்தில் திரை அரசியல் கருவியாயிற்று. எதிரி நாட்டுப் படங்கள் தடுக்கப்பட்டன. போர்ப் பிரசாரப் படங்கள் காட்டப்பட்டன. 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்த இடம், சிங்கப்பூரின் கேத்தே திரையரங்கம். படம் பார்க்கக் கட்டிய கொட்டகை வரலாற்றின் மேடையானது அன்று. தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்திற்கும் ஜான்சி ராணிப் படைக்கும் சென்ற இளைஞர்களும் இளம்பெண்களும் பலர்.

திடலில் படம்

போர் முடிந்தபின் 1946-ஆம் ஆண்டு மலாயாத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில், அரசாங்கத் தகவல் துறையின் வண்டிகள் படக்கருவியும் ஒலிபெருக்கியும் சுமந்து புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்றன. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் விளக்கவுரைகள் அமைந்தன. மலேரியாத் தடுப்பும் அரசாங்கத்தின் கொள்கையும் பயங்கரவாத எதிர்ப்பும் அப்படங்களின் பொருள்கள். அவற்றுக்காக மட்டும் மக்கள் கூடினார்கள் என்று கூறுவதற்கில்லை. இரவில் வெளிச்சம் வந்தது, அதனால் கூடினார்கள்.

இதனினும் பெரிய ஈர்ப்பு, தோட்ட நிர்வாகமோ படம் காட்டும் தொழில் செய்வோரோ ஏற்பாடு செய்த தமிழ்ப் படம். சம்பளம் போட்ட கிழமையில் பந்து விளையாடும் திடலில் இரண்டு கம்பங்கள் நடப்படும். அவற்றினிடையே வெள்ளைத் துணி இழுத்துக் கட்டப்படும். மாலை நான்கு மணிக்கே பிள்ளைகள் பாயும் சாக்கும் கொண்டு வந்து இடம் பிடிப்பார்கள். கிராணியின் குடும்பத்துக்கு நாற்காலி, தண்டலுக்கு விசுப்பலகை, மற்றவர்க்குப் புல்தரை. இடம் கிடைக்காத பிள்ளைகள் துணியின் பின்புறம் சென்று அமர்வார்கள். அங்கே படம் தெரியும். ஆனால் எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும்.

படச்சுருள் மாற்றும் இடைவேளை பிள்ளைகளுக்குப் பெரும் பேறு. அந்தச் சில நிமிடங்களில் பாட்டி கதையின் முன்பகுதியை மீண்டும் சொல்வாள். ஒருவர் வில்லனைத் திட்டுவார்; மற்றொருவர் அடுத்து நடக்கப்போவதை ஊகிப்பார். மறுநாள் பெரட்டுக்களத்திலும் பால்மர நிரையிலும் அதே கதை மீண்டும் நடக்கும். ஒரு படம் ஓர் இரவில் முடிந்ததில்லை. அடுத்த படம் வரும்வரை பேச்சில் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காலப் பெரியோர் இதனை முழு மனத்தோடு வரவேற்றாரல்லர். கள்ளுக்கடைக்கு அடுத்தபடியாகக் கூலிப்பணத்தை விழுங்குவது சினிமா என்று கண்டித்தவர்கள் உண்டு. பிள்ளைகள் பாடத்தை மறந்து பாட்டை மனப்பாடம் செய்கிறார்கள் என்று வருந்திய ஆசிரியர்களும் உண்டு. அவர்தம் வருத்தம் முற்றிலும் தவறன்று. ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. தோட்டத்து லயங்களில் பல மாவட்டத்துத் தமிழ் கலந்து ஒலித்தது. தஞ்சைப் பேச்சும் சேலத்துப் பேச்சும் திருச்சிப் பேச்சும் ஒரே வரிசையில் குடியிருந்தன. அந்நிலையில் 1949-இல் அண்ணாவின் வேலைக்காரியும், 1952-இல் கலைஞர் மு. கருணாநிதி உரையாடல் எழுதிய பராசக்தியும், 1954-இல் மனோகராவும், 1959-இல் வீரபாண்டிய கட்டபொம்மனும் வந்தன. அவை மேடைத்தமிழை இளைஞர் நாவுக்குக் கொண்டுவந்தன. எழுத்தறிவு குறைந்த வீட்டுப் பிள்ளையும் ழகரத்தை அழுத்தி உச்சரித்து உரையாடல் ஒப்புவித்தான். தமிழ் பேசுவது பெருமைக்குரியது என்ற உணர்வை அந்தத் தலைமுறைக்கு ஊட்டியதில் பள்ளிக்கூடத்துக்கு இருந்த பங்கைப் போலவே திடலுக்கும் பங்கு இருந்தது.

இத்தொடர்பு ஒருவழிப் பாதையும் அன்று. 1947-ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் ஷா நிறுவனத்தார் மலாய்ப் படங்களை எடுத்தபோது, இயக்குநர்களாக அமர்ந்தவர்களுள் இந்தியர் பலர். பி. ராம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த பக்தி என்னும் 1950-ஆம் ஆண்டுப் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். ஆகவே மலாய்ப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் கண்ட திரைகளுக்குள் ஒரு மறைமுக உறவு இருந்தது.

வானொலி தந்த பயிற்சி

திரையின் வரலாற்றில் வானொலிக்கு இடமேது என்று வினவலாம். வானொலியைக் கூறாமல் தொலைக்காட்சியை விளங்கிக்கொள்ள இயலாது. 1937-ஆம் ஆண்டு சிங்கப்பூர் கால்டிகாட் குன்றிலிருந்து முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. 1946-ஆம் ஆண்டு ஏப்ரலில் மலாயா வானொலி பிறந்தது. நான்கு மொழிகளுள் தமிழும் ஒன்றாக அதில் இடம்பெற்றது. முதலில் வானொலிப் பெட்டி கிராணியின் வீட்டிலோ தோட்டத்து மன்றத்திலோ மட்டுமே இருந்தது. சன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர்களே மிகுதி. 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் மின்சாரம் வேண்டாத சிறு டிரான்சிஸ்டர் பெட்டிகள் மலிந்தன. அப்போதுதான் வானொலி லயத்து வீடுகளுக்குள் புகுந்தது.

1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் விடுதலை முழக்கம் எழுந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் அதனைக் கண்ணால் காணவில்லை, காதால் கேட்டார்கள். வானொலி நாடகத்தைக் கேட்ட பிள்ளை, காட்டையும் அரண்மனையையும் தன் மனத்திலேயே கட்டிக்கொண்டான். கேட்டதை உருவாக்கிப் பார்க்கும் அப்பயிற்சி, கதை எழுதுவோர்க்கு நல்ல அடித்தளமாக அமைந்தது.

வீட்டுக்குள் வந்த பெட்டி

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. சரியாக 21 ஆண்டுகள் கழித்து, 1963-ஆம் ஆண்டு அதே பிப்ரவரி 15-ஆம் நாள், சிங்கப்பூரில் தொலைக்காட்சி தோன்றியது. அதனைத் தொடங்கி வைத்தவர் அன்றைய பண்பாட்டு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். முறையான ஒளிபரப்பு அவ்வாண்டு ஏப்ரலில் தொடங்கியது. மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தார். இரண்டாம் அலைவரிசை 1969-இல் வந்தது. சிங்கப்பூரில் 1974-இலும் மலேசியாவில் 1978-இலும் படம் வண்ணம் பெற்றது.

தொடக்கத்தில் இப்பெட்டியும் ஒரு சிறு திடலாகவே இருந்தது. சிங்கப்பூரில் சமூக நிலையங்களில் வைத்த பெட்டியின் முன் அக்கம்பக்கத்தார் யாவரும் கூடினர். தோட்டத்தில் பெட்டி வைத்திருந்த வீட்டின் வாசலில் செருப்புகள் குவிந்தன. மின்சாரம் எட்டாத இடங்களில் கார் பேட்டரியில் இணைத்துப் பார்த்தார்கள். பேட்டரி தீர்ந்துபோகும் என்ற கவலையால், எதைப் பார்ப்பது என்பதை வீட்டுப் பெரியவர் முடிவு செய்தார். செய்தி முடிந்ததும் பெட்டி அணையும். தமிழ்ப் படம் வரும் நாளுக்கு மட்டும் பேட்டரியைச் சேமித்து வைத்தனர். அருமையாகக் கிடைத்தது ஆழமாக மனத்தில் பதிந்தது.

மலேசியத் தொலைக்காட்சியில் தமிழ்ப் படத்தின் அடியில் மலாய் எழுத்து ஓடியது. இதன் பயன் இருவகைப்பட்டது. மலாய் அண்டைவீட்டார் தமிழ்ப் படத்தின் கதையைப் புரிந்துகொண்டனர். தமிழ்ப் பிள்ளைகளோ தமிழைக் கேட்டுக்கொண்டே மலாய் எழுத்தை விரைந்து வாசிக்கப் பழகினர். எந்தப் பாடத்திட்டமும் வகுத்துக் கொடுக்காத மொழிப்பாடம் இது.

பள்ளிக்கூடமும் இக்கருவியை ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூரில் 1967-ஆம் ஆண்டு ஜனவரியிலும், மலேசியாவில் 1972-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாளிலும் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. நல்ல ஆசிரியர், ஒளிபரப்புக்கு முன் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தினார். முடிந்தபின் வினா எழுப்பினார். பெட்டியை முடுக்கிவிட்டு வெளியே சென்ற ஆசிரியரிடம் பிள்ளைகள் பெற்றது சிறிதே. கருவி ஒன்றுதான்; பக்கத்தில் நின்றவர் வேறு.

திடல் கலைந்த கதை

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடலாகாது. தொலைக்காட்சி வந்ததால்தான் திடலில் படம் நின்றது என்று கூறுவது பாதி உண்மையே. 1950-களிலிருந்து பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதனால் வீடிழந்த தொழிலாளரைக் காக்கும் நோக்கத்துடன்தான் 1960-ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைத் தோட்டமும் வீட்டுமனையாயிற்று. லயத்து மக்கள் நகரத்துப் புறம்போக்கு வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினர். சிங்கப்பூரிலோ 1960-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கம்பத்து மக்களை மாடி வீடுகளில் குடியமர்த்தியது. கூடி அமர்ந்த மண்ணே இல்லாமற் போனபின், கூட்டம் எங்கே கூடும்? திரை சுருங்கியதற்குத் திரை மட்டும் காரணம் அன்று, வாழிடமும் காரணம்.

1970-களின் இறுதியில் வந்த ஒளிநாடா இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. வாடகைக்கு நாடா எடுத்து, விரும்பிய நேரத்தில் விரும்பிய படத்தைப் பார்க்கும் வசதி முதன்முறையாகக் கிடைத்தது. காத்திருத்தல் என்பது அதனோடு போயிற்று. 1996-ஆம் ஆண்டு மலேசியாவின் முதல் துணைக்கோளான மியாசாட் விண்ணில் ஏறியது. அதே ஆண்டு அஸ்ட்ரோ துணைக்கோள் ஒளிபரப்புத் தொடங்கியது. வானவில் அலைவரிசை தமிழை நாள்தோறும் வீட்டுக்குக் கொணர்ந்தது. சிங்கப்பூரில் வசந்தம் 2008-ஆம் ஆண்டு அக்டோபரில் முழு அலைவரிசையாயிற்று. வாரத்துக்குச் சில மணி நேரமே தமிழ் கேட்ட பிள்ளைகளின் தம்பி தங்கையர் நாள் முழுவதும் தமிழ் கேட்கும் வாய்ப்பைப் பெற்றனர். உள்ளூர் நாடகங்களும் உள்ளூர்க் கலைஞர்களும் இதனால் வளர்ந்தது மறுக்க இயலாத நன்மை. ஆயினும் தமிழ் மிகுதியாகக் கிடைத்த அதே காலத்தில், வீட்டில் தமிழ் பேசும் பழக்கம் தளரத் தொடங்கியது என்பது வியப்புக்குரியது.

சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கு இதனைத் தெளிவாகக் காட்டும். 2010-ஆம் ஆண்டு, வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசிய இந்தியர் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர். 2020-இல் அது ஏறத்தாழ 28 விழுக்காடாகக் குறைந்தது. இதற்குக் கல்விமொழி, தொழில், குடியேற்றம், கலப்பு மணம் எனக் காரணங்கள் பல. ஆனால் ஓர் உண்மை மட்டும் உறுதியாகிறது. வீட்டில் தமிழ் ஒலிப்பது வேறு. வீட்டார் தமிழ் பேசுவது வேறு.

உள்ளங்கைத் திரை

கணினித் திரையில் தமிழ் எழுத்து ஏறிய வரலாற்றில் இவ்விரு நாட்டினர்க்கும் பெருமை உண்டு. 1995-ஆம் ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏற்றப்பட்டது. அதில் தமிழ் எழுத்துகளைத் தோன்றச் செய்தவர் தேசியக் கல்விக் கழகத்து விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி. 1997-இல் தமிழிணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியதற்கும் அவர் உழைப்பே ஊன்றுகோல். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்னும் மென்பொருளை உருவாக்கிக் கணினியில் தமிழ் எழுதும் வழியை எளிதாக்கினார். 2005-இல் அவருடைய செல்லினம் கைப்பேசியில் தமிழ் எழுத வழி திறந்தது. தமிழாசிரியரும் தமிழன்பரும் முன்னின்று கட்டிய பாலம் அது.

2007-இல் ஐபோன் வெளிவந்தபின் விரலால் தொட்டு இயக்கும் கைப்பேசி உலகெங்கும் பரவியது. அடுத்த பத்தாண்டுக்குள் திரை இடுப்பிலும் பையிலும் குடியேறியது. முன்பு குடும்பத்துக்கு ஒரு பெட்டி. இப்போது ஆளுக்கு ஒரு திரை. ஒரே கூரையின்கீழ்ப் பாட்டி ஒரு தொடரைப் பார்க்கிறாள். தாய் வேறொன்றைப் பார்க்கிறாள். பேரன் காதில் கருவியைச் செருகிக்கொண்டு மற்றொரு நாட்டுச் சிறுவன் விளையாடும் விளையாட்டைப் பார்க்கிறான். யாரும் யாருக்கும் கதை சொல்லவில்லை. சுருள் மாற்றும் இடைவேளை இல்லை. ஒன்று முடிந்தவுடன் மற்றொன்று தானே தொடங்கிவிடுகிறது. அடுத்து எதைக் காட்டுவது என்று முடிவு செய்வது வீட்டுப் பெரியவர் அல்லர். முன்பு பார்த்தவற்றைக் கணக்கிட்டு, மேலும் பார்க்கத் தூண்டுவதற்கென்று அமைத்த பொறியமைப்பே அதனை முடிவு செய்கிறது. நிழற்கூத்துத் தாலாங்கும் பார்வையாளரின் மனமறிந்து கதையை மாற்றினார். ஆனால் கூத்து முடிந்ததும் அவர் விளக்கை அணைத்தார். இந்தத் திரைக்குப் பின்னாலோ விளக்கணைப்பார் எவருமில்லை.

எழுத்திலும் இதன் விளைவைக் காணலாம். கைப்பேசியில் தமிழ் எழுத எல்லா வசதியும் இருந்தும், இளைஞர் பலர் தமிழை உரோமன் எழுத்தில் எழுதுகின்றனர். நாவில் தமிழ் இருக்கிறது; விரலில் தமிழ் எழுத்து இல்லை. வல்லின மிகுதலும் ணகர னகர வேறுபாடும் இதனால் வகுப்பறைக்கு மட்டும் உரிய வழக்கங்களாகச் சுருங்கும் நிலை ஏற்பட்டுள்ளது.

2020-இல் நிகழ்ந்த சோதனை

பெருந்தொற்றின் காரணமாக மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. சிங்கப்பூரில் ஏப்ரல் 8-ஆம் நாள் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. அதுவரை பிள்ளைகளைத் திரையிலிருந்து விலக்கப் பாடுபட்ட பெற்றோர், அன்று திரையின்முன் அமர்த்தப் பாடுபட்டனர். யாரிடம் எந்தத் திரை இருக்கிறது என்பது அப்போதுதான் வெளிச்சமாயிற்று. மலேசியக் கல்வி அமைச்சு எடுத்த கருத்தாய்வில், மாணவருள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்பது தெரியவந்தது. தந்தையின் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகள் பல. தந்தை வேலையிலிருந்து திரும்பும்வரை பள்ளி தொடங்காத வீடுகளும் உண்டு. சபா மாநிலத்து மாணவி ஒருவர், இணையத் தேர்வு எழுதுவதற்கு அலைவரிசை தேடி மரத்தின்மேல் ஓர் இரவைக் கழித்தது நாடறிந்த செய்தியாயிற்று.

இந்நிலையில் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் மலேசியாவில் டிடிக் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. புதிய கருவி எட்டாத வீட்டுக்குப் பழைய பெட்டியே பாடம் கொண்டு சென்றது. சிங்கப்பூரில் 2021-ஆம் ஆண்டு இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவர்க்கும் கற்றல் கருவி ஒன்று கிடைக்க வழி செய்யப்பட்டது. அதே நாட்டில் 2026-ஆம் ஆண்டு ஜனவரி முதல், உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசி பயன்படுத்துதல் தடுக்கப்பட்டது. ஐந்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு செயல்களும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கற்பதற்கு ஒரு திரை தேவை. பேசுவதற்குத் திரையில்லாத இடைவேளையும் தேவை என்பதே அவற்றின் பொருள்.

ஆராய்ச்சி கூறுவது

புதிய கருவியைக் கண்டு மூத்தோர் அஞ்சுவது புதிதன்று. எழுத்து வந்தால் நினைவாற்றல் கெடும் என்று எகிப்திய மன்னன் ஒருவன் அஞ்சியதாகக் கிரேக்க அறிஞர் பிளேட்டோ எழுதிவைத்தார். அச்சத்தோடு நில்லாமல் ஆராய்ந்தவர்களும் உளர். 1958-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹில்டா ஹிம்மல்வைட் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் தொலைக்காட்சியையும் குழந்தையையும் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்பர் ஷ்ராம் குழுவினர் அத்தகைய மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். தொலைக்காட்சி நல்லதா தீயதா என்ற வினாவே பிழையானது. எந்தப் பிள்ளை, எந்தச் சூழலில், எதைப் பார்க்கிறது என்பதே வினாவாக வேண்டும் என்பது அவற்றால் பெறப்படும் கருத்து.

மொழியாசிரியர்க்கு இவற்றினும் பயன்தரும் ஆய்வு ஒன்று 2003-ஆம் ஆண்டு வெளிவந்தது. அமெரிக்காவில் பட்ரிசியா கூல் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும், ஆங்கிலம் பேசும் வீட்டைச் சேர்ந்த 9 மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீன மொழியைக் கேட்கச் செய்தனர். ஒரு பிரிவுக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து விளையாடிப் பேசினர். வேறு பிரிவினர் அதே ஆட்களின் அதே பேச்சைத் திரையில் கண்டனர்; அல்லது ஒலியாக மட்டும் கேட்டனர். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தி அறிந்தன. திரையில் கண்ட குழந்தைகளும் ஒலியாகக் கேட்ட குழந்தைகளும் அவ்வாறு அறியவில்லை. பேச்சு ஒன்று, நேரம் ஒன்று, இல்லாதது ஆள் மட்டுமே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையும் ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றது. 2 முதல் 4 வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகலாகாது என்றது.

ஆசிரியர்க்குரிய இடம்

இதுவரை கண்ட வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு தெரியும். நிழற்கூத்தில் திரைக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். திடலில் திரைக்குப் பின்னால் ஆள் இல்லை. ஆனால் பக்கத்தில் ஊரே இருந்தது. பெட்டி வந்தபோது குடும்பம் இருந்தது. உள்ளங்கைத் திரையின் பக்கத்திலோ பெரும்பாலும் எவருமில்லை. திடலில் படம் பார்த்த பிள்ளை கெட்டுப்போகவில்லை எனின், அப்படங்கள் எல்லாம் உயர்ந்தவை என்பதாலன்று. பார்த்ததைப் பற்றிப் பேசுவதற்குப் பாட்டியும் அண்ணனும் அடுத்த வீட்டு அக்காவும் இருந்தனர் என்பதால்தான்.

அந்த இடம் இன்று காலியாக இருக்கிறது. அதனை நிரப்பும் ஆற்றல் முதலில் பெற்றோர்க்கும் அடுத்துத் தமிழாசிரியர்க்கும் உண்டு. திரையைப் பழித்துப் பயனில்லை. அதன் பக்கத்தில் அமர்ந்து, பார்த்ததைத் தமிழில் சொல்லச் செய்வதே பயன் தரும். வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கலாம். ஒரு பிள்ளை தான் கண்ட ஒன்றைத் தோழர்க்குத் தமிழில் எடுத்துரைக்க வேண்டும். மற்றவர் வினவ வேண்டும். கேலிச்சித்திரமாயினும் பந்தாட்டமாயினும் தடையில்லை. சொல்லத் தொடங்கியவுடன் சொல் போதாமை தெரியும். சொல்லைத் தேடும் தேவை பிறக்கும். அங்கேதான் மொழிக்கல்வி தொடங்குகிறது.

மற்றொரு பயிற்சியும் உண்டு. மாணவர் தம் தாத்தா பாட்டியிடம் சென்று, முதன்முதலில் எங்கே படம் பார்த்தீர்கள், யாரோடு பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதி வரலாம். திடலில் பாய் விரித்த தலைமுறையினர் பலர் இன்று முதுமையில் இருக்கின்றனர். அவர்கள் நினைவுகள் எந்த ஏட்டிலும் ஏறாதவை. எந்தக் கருவியிலும் தேடிக் கிடைக்காதவை. அவற்றைக் கேட்கச் சென்ற பேரனுக்குக் கட்டுரை ஒன்று கிடைக்கும். பாட்டிக்குப் பேச ஓர் ஆள் கிடைக்கும். அந்த அரைமணி நேரம் வீட்டில் தமிழ் பேசப்படும்.

கருவிகள் இனியும் மாறும். இன்று கைப்பேசியைப் பற்றிக் கவலைப்படுவோரின் பேரப்பிள்ளைகள் வேறொன்றைக் கண்டு கவலைப்படுவார்கள். எக்கருவி வரினும், பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து தமிழில் பேச ஓர் ஆள் இருந்தால் அப்பிள்ளைக்குத் தமிழ் அற்றுப்போகாது. அந்த ஓர் ஆளாக இருப்பது தமிழாசிரியரின் கடன்.